தொட்டியில் தானாக முளைத்த தானியப் பயிர் எது? கண்டுபிடிக்கப் படிப்படியான வழி

எங்கள் மாடியில் கத்தரி வைத்திருந்த பையில் போன ஆடி மாதம் மூன்று புல் முளைத்தன. நான் விதைக்கவில்லை. களை என்று நினைத்து ஒன்றைப் பிடுங்கிப் போட்டேன். மற்ற இரண்டும் முழங்கால் உயரம் வந்தபோதுதான் இது சாதாரணப் புல் இல்லை என்று தோன்றியது. அது பனிவரகு என்னும் சிறுதானியம் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. இடையில் ஒரு கதிரைக் குருவிகளுக்கு இழந்தேன், ஒரு அலுவலகத்துக்கு இரண்டு தடவை அலைந்தேன். ஒழுங்காகச் செய்திருந்தால் ஒரே பயிரில், சுமார் 75 நாளில் முடிந்திருக்கும்.

உங்கள் தொட்டியிலோ கொல்லையிலோ இப்படி ஒன்று முளைத்திருந்தால் கீழே உள்ள வரிசைப்படி போங்கள். தமிழ்நாட்டுச் சமவெளியில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. பிடுங்காதீர்கள், தேதியைக் குறியுங்கள்

முளையைப் பார்த்த தேதியை அன்றே எழுதிவைக்க வேண்டும். இதைவிட மலிவான தடயம் வேறில்லை. தானியங்கள் விதைத்ததிலிருந்து முற்றுவதற்கு எடுக்கும் நாள் வேறுபடும். பனிவரகு 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும். தினைக்கு 80 முதல் 90 நாள். கம்பும் சாமையும் ஏறக்குறைய 90 நாள். கேழ்வரகுக்கு 100 நாளுக்கு மேல் ஆகும், வரகுக்கு 110 முதல் 120 நாள் வரை. ரகத்தையும் பருவத்தையும் பொறுத்து கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஆனாலும் 50 நாளுக்குள் கதிர் தள்ளிய பயிரை யாராவது வரகு என்று சொன்னால் நீங்கள் தைரியமாகச் சந்தேகப்படலாம்.

முளை ஒன்றுக்கு மேல் இருந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒன்றை மட்டும் மண்ணோடு தோண்டி, தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். பல நேரம் விதையின் கூடு வேர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நெல்லின் உமி, மக்காச்சோளத்தின் தட்டையான பெரிய விதை, சோளத்தின் உருண்டை விதை எல்லாம் பார்த்ததும் தெரிந்துவிடும். இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பிடுங்கிப் போட்ட அந்த முதல் செடியே பாதி விடையைச் சொல்லியிருக்கும். ஒரே ஒரு முளைதான் இருக்கிறது என்றால் தொடாதீர்கள்.

2. விதை எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்

இந்தக் கேள்வியை நான் கடைசியில்தான் கேட்டேன். முதலில் கேட்டிருக்க வேண்டும். தானியப் பயிர்கள் காற்றில் பறந்து வருபவை அல்ல. பெரும்பாலும் மனிதர் கையிலிருந்து சிந்தியவைதான்.

கூண்டுப் பறவை வளர்ப்பவர் அக்கம்பக்கத்தில் இருக்கிறாரா? லவ் பேர்ட்ஸ் தீனியில் தினையும் பனிவரகும்தான் அதிகம் இருக்கும். புறாத் தீனி என்றால் கம்பு, சோளம், கோதுமை, மக்காச்சோளம். எங்கள் பக்கத்து மாடியில் கூண்டு இருப்பது எனக்குத் தெரியும், ஆனால் இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. "அக்கா, உங்க குருவிக்கு என்ன தீனி போடுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் ஒரு பிடி அள்ளி என் கையில் கொட்டினார். அதில் பளபளப்பான வெளிர்மஞ்சள் மணிகள் இருந்தன. தேடியது அதுதான்.

வைக்கோலை மூடாக்காகப் போட்டிருந்தால் நெல் முளைக்கலாம். புதுமனை புகுவிழாவுக்கோ நவக்கிரகப் பூஜைக்கோ வைத்த நவதானியத்தைத் தொட்டியில் கொட்டியிருந்தால் வேலை இன்னும் சுலபம். அந்த ஒன்பதில் புல் இனம் நெல்லும் கோதுமையும் மட்டும்தான், மற்றவை பயறும் எள்ளும். மாட்டு எருவிலிருந்து வந்திருந்தால் எதுவும் வரலாம், காட்டுப் புல்லாக இருக்கவும் வாய்ப்பு அதிகம்.

3. புல்லா, கோரையா?

தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டுங்கள். மூன்று முனை தட்டுப்பட்டால் கோரை, அதோடு தேடலை நிறுத்திவிடலாம். உருண்டையாகவோ சற்றே தட்டையாகவோ இருந்து, நடுநடுவே கணு இருந்தால் புல் குடும்பம். நம் தானியங்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

4. இலை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள்

கதிர் வராத பயிரில் நம்பத்தக்க அடையாளம் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. இலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி உறை போல இருக்கும். உறை முடிந்து இலை விரியும் இடத்தில் இலையை மெதுவாகப் பின்னால் வளையுங்கள். உள்பக்கம் சின்னதாக ஒரு நாக்கு தெரியும்.

நெல்லில் அந்த நாக்கு வெள்ளையாக, மெல்லிய தாள் போல, நீளமாக இருக்கும். நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். பக்கத்தில் மயிர் உள்ள சிறு காதுகளும் இருக்கும். குதிரைவாலியில் நாக்கும் கிடையாது, காதும் கிடையாது, அந்த இடம் வழவழவென்று மொட்டையாக இருக்கும். நெல் வயலில் முளைக்கும் காட்டுக் குதிரைவாலியும் அப்படித்தான். தினை, கம்பு, பனிவரகு இவற்றில் நாக்குக்குப் பதிலாக ஒரு வரிசை மயிர் நிற்கும். கோதுமையிலும் பார்லியிலும் இரண்டு காதுகள் தண்டைக் கட்டிப் பிடித்ததுபோல இருக்கும்.

அப்புறம் உறையைத் தடவிப் பாருங்கள். பனிவரகில் உறை முழுவதும் மெல்லிய மயிர் இருக்கும், விரலில் நன்றாகத் தெரியும். என் பயிரில் முதல் நாளிலிருந்தே அது இருந்தது, நான்தான் புழுதி ஒட்டியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சோளத்தில் தண்டும் உறையும் வெள்ளைப் பொடி பூசியது போல இருக்கும், நகத்தால் சுரண்டினால் வரும். கேழ்வரகின் தண்டு அடியில் தட்டையாக இருக்கும், இலை நடுவில் மடிந்து நிற்கும்.

இதற்கு 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கை லென்ஸ் ஒன்று தேவை. நான் வாங்கியது 180 ரூபாய். இந்த வேலையில் உருப்படியாகச் செய்த செலவு அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கைப்பேசிச் செயலியில் இளம் பயிரின் படத்தைப் போட்டுப் பெயர் கேட்காதீர்கள். ஒரே செடிக்கு மூன்று நாளில் எனக்கு மூன்று பெயர் வந்தது. அடையாளம் மறைந்திருக்கும் இடம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா இளம்புல்லும் ஒன்றுதான்.

5. கதிர் வரும்வரை காத்திருங்கள், வந்ததும் மூடிவையுங்கள்

கதிர் வெளியே வருவதற்கு முன் கடைசி இலையின் உறை உப்பிக்கொண்டு நிற்கும். அன்றைக்கே பழைய கொசுவலைத் துணியில் ஒரு பை தைத்துவிடுங்கள். பால் பிடிக்கும் பருவத்தில் சில்லைகளும் சிட்டுக்குருவிகளும் வந்துவிடும். என் முதல் கதிர் ஒரே காலையில் வெறும் காம்பாகிவிட்டது, ஒரு மணிகூட மிஞ்சவில்லை. பிளாஸ்டிக் பையால் மூடக் கூடாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

கதிர் வந்துவிட்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நரி வால் போல ஒரே உருளையாக, மணிகளுக்கு இடையே மீசை மீசையாக நீட்டிக்கொண்டு, முற்றியதும் தலை கவிழ்ந்தால் தினை. இதற்கு ஒரு காட்டு உறவு உண்டு. அதன் கதிர் மெலிந்திருக்கும், ஒரு வகை துணியில் ஒட்டிக்கொள்ளும். பயிர்த் தினை ஒட்டாது.

உருளையாக இருந்தாலும் கெட்டியாக, நிமிர்ந்து, மணி வெளியே தெரியும்படி இருந்தால் கம்பு. பூக்கும்போது அதைக் கவனியுங்கள். முதலில் வெள்ளை இறகு போன்ற சூல்முடிகள் கதிர் முழுவதும் வரும். ஓரிரு நாள் கழித்துத்தான் மகரந்தப் பைகள் தொங்கும்.

தண்டின் நுனியில் ஒரே இடத்திலிருந்து விரல்கள் கிளம்பினால் கேழ்வரகாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் சொல்வேன், ஏனென்றால் தெருவோரம் எங்கும் முளைக்கும் இரண்டு மூன்று புற்களும் இப்படித்தான் விரல் விரிக்கும். கேழ்வரகின் விரல் தடிமனாக இருக்கும், பெரும்பாலும் உள்ளே மடங்கும். காட்டுப் புல்லின் விரல் ஒல்லியாக இருக்கும், தேய்த்தால் மணி பொடிப்பொடியாக உதிரும்.

தட்டையான பட்டைக் காம்பில் சட்டைப் பொத்தான் தைத்ததுபோல வட்ட மணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் வரகு. குட்டைக் கிளைகள் நெருக்கமாக அடுக்கி, கதிர் கனமாக இருந்து, இலையில் நாக்கும் இல்லையென்றால் குதிரைவாலி.

எனக்கு மிகவும் கஷ்டம் கொடுத்தது சாமையும் பனிவரகும்தான். இரண்டும் ஒரே பேரினம், இரண்டும் கிளை விரித்துத் தொங்கும். சாமை மெல்லியது. தண்டும் மணியும் சிறியவை. பனிவரகின் கதிர் விளக்குமாறு போல ஒரே பக்கமாகச் சாயும், மணி பெரியது, வழவழப்பானது, மெழுகு தேய்த்ததுபோல மின்னும். தண்டில் மயிரும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மக்காச்சோளத்துக்கு விளக்கம் தேவையில்லை. உச்சியில் ஆண் பூ, பக்கவாட்டில் கருது. ஆனால் பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. நகரத்தில் பலர் மக்காச்சோளத்தையே சோளம் என்கிறார்கள். யாரிடமாவது விவரம் கேட்கும்போது "வெள்ளைச் சோளமா, மக்காச்சோளமா" என்று பிரித்துக் கேளுங்கள். பனிவரகும் வரகும்கூடப் பெயரில்தான் உறவு, பயிர் வேறு வேறு.

கோதுமை நம் சமவெளியில் முளைக்கும், ஆனால் வெயில் ஏறிய பிறகு முளைத்தது கதிர் பிடிப்பது அரிது. மார்கழி, தை மாதக் குளிரில் முளைத்திருந்தால் காத்திருந்து பாருங்கள்.

பயிரா, அதன் காட்டு உறவா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. முற்றிய கதிரின் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். காட்டுப் புல் முற்ற முற்றத் தானே உதிர்ந்துகொண்டிருக்கும். மனிதர் பயிரிட்டுப் பழக்கிய தானியம் பெரும்பாலும் கதிரிலேயே நிற்கும், கசக்கினால்தான் வரும். பனிவரகு மட்டும் நுனியில் முற்றியதைச் சற்று உதிர்க்கும். அதை வைத்துக் களை என்று முடிவு செய்துவிடாதீர்கள். நான் அப்படி ஒரு வாரம் தவறாக நம்பியிருந்தேன்.

6. தெரிந்த விதையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

புத்தகப் படத்தைவிட இது நூறு மடங்கு உதவும். பறவைத் தீனிக் கடையில் தினை, பனிவரகு, கம்பு எல்லாம் உமியோடு சில்லறையாகக் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 50 கிராம் போதும். எனக்கு மொத்தம் 40 ரூபாய் ஆனது. வெள்ளைத் தட்டில் ஒவ்வொரு குவியலாக வைத்து, நடுவில் உங்கள் மணியை வையுங்கள். லென்ஸால் அளவு, பளபளப்பு, உமியின் கோடு மூன்றையும் பாருங்கள்.

மளிகைக் கடையில் தினை அரிசி, சாமை அரிசி என்று வாங்கி ஒப்பிடாதீர்கள். அது உமி நீக்கியது. உங்கள் கதிரில் இருப்பது உமியோடு இருக்கும், அதனால் நிறமும் அளவும் பொருந்தவே பொருந்தாது. அந்த அரிசியை விதைத்தாலும் முளைப்பதை எதிர்பார்க்க முடியாது.

நேரம் இருந்தால் தீனிக் கடை விதையில் பத்தைப் பக்கத்துத் தொட்டியில் விதைத்துவிடுங்கள். இரண்டு செடியும் பக்கத்தில் வளரும்போது வேறு யாரையும் கேட்கத் தேவைப்படாது. என் சந்தேகம் கடைசியாகத் தீர்ந்தது அப்படித்தான்.

7. படமும் மாதிரியும் தயார் செய்யுங்கள்

இன்னும் தெரியவில்லை என்றால் நிபுணரிடம் போகலாம். ஆனால் கையை வீசிக்கொண்டு போகக் கூடாது. நான் முதல் தடவை வாடிய செடி ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதிர் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை கதிரை மட்டும் கொண்டுபோனேன், இலை எங்கே என்றார்கள். பேருந்துக்கு மட்டும் 160 ரூபாயும் இரண்டு முழு நாளும் போயின.

படம் எடுக்கும்போது முழுச் செடியை ஒரு அளவுகோலோடு எடுங்கள். பிறகு தூர், கணு, இலையின் அடியில் உள்ள நாக்கு, முழுக் கதிர், கதிரின் ஒரு சிறு பகுதி, உதிர்த்த மணிகள் என்று கிட்டத்தில் எடுக்க வேண்டும். மணியைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். காலை வெயிலில் எடுத்தால் மயிர் தெரியும், உச்சி வெயிலில் தெரியாது.

மாதிரிக்கு வேரோடு, இலையோடு, கதிரோடு உள்ள முழுச் செடி வேண்டும். மண்ணைக் கழுவி, ஈரம் ஒற்றி, செய்தித்தாளுக்கு நடுவில் பரப்புங்கள். உயரமாக இருந்தால் ஆங்கில V அல்லது N எழுத்து வடிவில் மடியுங்கள், வெட்டாதீர்கள். மேலே கனமான புத்தகங்களை வைத்து, முதல் வாரம் தினமும் தாளை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் கறுத்துவிடும். பத்து முதல் பதினைந்து நாளில் காய்ந்துவிடும். பிறகு 42 சென்டிமீட்டர் நீளமும் 29 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அட்டையில் தைத்தோ காகிதப் பட்டையால் ஒட்டியோ வையுங்கள்.

அட்டையின் கீழ் மூலையில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். எடுத்த தேதி, ஊர், மாவட்டம், தொட்டியா நிலமா, செடியின் உயரம், முளைத்த தேதி, பூத்த தேதி, பச்சையாக இருந்தபோது கதிரின் நிறம், விதை எங்கிருந்து வந்திருக்கலாம் என்ற உங்கள் ஊகம், உங்கள் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நிறம் காய்ந்ததும் போய்விடும், அதனால் அதை எழுதாமல் விடாதீர்கள். இரண்டு செடி இருந்தால் இரண்டு அட்டை செய்து, இரண்டுக்கும் ஒரே எண் போட்டு, ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்போது எந்தச் செடியைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று தெரிய வேண்டும் அல்லவா!

8. எங்கே கேட்பது

முதலில் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். எது அருகில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551-ல் தமிழிலேயே கேட்கலாம், அழைப்புக் கட்டணம் இல்லை. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை எடுப்பார்கள். ஆனால் போனில் செடியை வருணித்துப் பெயர் கேட்பதில் பயனில்லை. யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேளுங்கள், போதும்.

சிறுதானியம் என்று சந்தேகம் இருந்தால் கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானியத் துறையும், திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள அதன் சிறுதானிய மகத்துவ மையமும் சரியான இடங்கள். காட்டுப் புல்லாகத் தோன்றினால் கோவையிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் உள்ள ராபினாட் உலர்தாவரகமும் (காய்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) இந்தத் துறையில் பெயர் பெற்றது. எங்கே போவதாக இருந்தாலும் முன்கூட்டியே பேசி, நாள், கட்டணம் இரண்டையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தபாலில் அனுப்பினால் உங்கள் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் உள்ளே வையுங்கள்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கல்லூரிகளில் தேர்வு வேலை குவிந்திருக்கும். அப்போது அனுப்பினால் பதில் தாமதமாகும்.

9. பெயர் உறுதியாகும்வரை வாயில் போடாதீர்கள்

இதில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன். தானியம் போல இருப்பதால் சாப்பிடலாம் என்று ஆகிவிடாது.

கம்பில் பூக்கும் நேரத்தில் தேன் போல ஒட்டும் துளிகள் கசிந்தால், பிறகு மணி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகக் கெட்டியாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது எர்காட் என்னும் தேன் ஒழுகல் நோய், மனிதருக்கும் கோழிக்கும் விஷம். விதைக்காகக் கம்பு எடுப்பவர்கள் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து, மிதப்பதை அள்ளி எறிந்து பிரிப்பார்கள். தொட்டியில் கிடைத்த ஒரு பிடிக்கு அந்தச் சிரமம் வேண்டாம், எரித்துவிடுங்கள்.

வரகு மழையில் நனைந்து பூஞ்சை பிடித்தால் ஆபத்து. 2024 அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் 10 யானைகள் இறந்தன. அவற்றின் உள்ளுறுப்பு மாதிரிகளில் சைக்ளோபியாசோனிக் அமிலம் இருந்தது. வரகில் வளரும் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு அது. கறுத்த, வாடை அடிக்கும் மணியைக் கோழிக்கும் போடாதீர்கள்.

சோளம் என்று தெரிந்தால், பூக்காத இளம் பயிரை அறுத்து ஆட்டுக்கோ மாட்டுக்கோ கொடுக்காதீர்கள். அதில் சயனைடு நஞ்சு உருவாகும். தண்ணீர் இல்லாமல் வாடிய பயிரிலும், அறுத்த பிறகு அடியிலிருந்து துளிர்ப்பதிலும் இன்னும் அதிகம். சாயம் பூசிய விதை தொட்டியில் கிடந்தால் அது மருந்து கலந்த விதைப்பு விதை, மிச்சத்தைக் குருவிகள் எட்டாதபடி புதைத்துவிடுங்கள்.

பெயர் உறுதியானதும் கதிரை அறுத்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். பல்லில் வைத்தால் கடக்கென்று உடைய வேண்டும். என் இரண்டாம் பயிரில் கிடைத்தது அரை டம்ளர் பனிவரகு. அதில் ஒரு கைப்பிடியைக் காகித உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். மீதியை அக்காவின் குருவிகளுக்கே கொடுத்துவிட்டேன். இந்தத் தை பிறந்ததும் அந்தக் கைப்பிடியைப் பெரிய தொட்டியில் விதைக்கப் போகிறேன், இந்தமுறை கொசுவலைப் பையை முன்கூட்டியே தைத்து வைத்தாயிற்று.